தொலைச்சுட்டோமா, துலச்சுட்டோமா?

மூணு வாரமாக எங்கள் வீட்டில் ஒரே ஒரு வசனத்தை வைத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஈஸி ரைடர்' படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்திருக்கும்போது, வயட் தன் கூட்டாளி பில்லியிடம் 'வி ப்ளூ இட்' (We blew it) என்கிறான். மூணே சொல். அதற்கு அவனும் விளக்கம் சொல்வதில்லை, படமும் சொல்வதில்லை. இன்னொரு தடவை அதையே சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறான். மறுநாள் இரண்டு பேரும் ரோட்டில் சுடப்பட்டுச் சாகிறார்கள். 1969இல் வந்த படம், இத்தனை வருஷம் கழித்தும் அந்த மூணு சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நாலு பேர் சொன்னதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. (முடிவைச் சொல்லிவிட்டேன். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது, தாராளமாகப் பாருங்கள்.)

செங்கோட்டையில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. புனலூர் சேட்டன் வருஷா வருஷம் குற்றால சீசனுக்கு வந்து இரண்டு நாள் எங்களோடு தங்குவார். நான் கணக்குப் பார்க்கிற மரமில்லுக்கு அவர் ஒரு காலத்தில் ரப்பர் தடி அனுப்பிக்கொண்டிருந்தார், அப்படி ஏற்பட்ட பழக்கம், இப்போது சொந்தக்காரர் மாதிரி. அக்கா மகனும் வந்திருந்தான். புல்லட் வாங்கி இரண்டு வருஷத்தில் மூணாறு, வாகமண், பொன்முடி என்று மலை ஒன்று விடாமல் ஏறி இறங்கியவன். படத்தைப் போடலாம் என்றதும் அவன்தான். நாலாவது ஆள் என் சித்தப்பா. புளியரை ரோட்டில் நாற்பது வருஷம் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தவர், ராஜ்தூத், ஜாவா, புல்லட் எல்லாம் அவர் கையில் பிரிந்து கோத்தவை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பிரானூர் பார்டரிலிருந்து வாங்கி வந்த பரோட்டா வாழையிலையில் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை.

கதை சின்னது. வயட்டும் பில்லியும் மெக்ஸிகோவிலிருந்து கொக்கெய்ன் கடத்தி வந்து லாஸ் ஏஞ்சல்ஸில், தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில் வைத்து விற்கிறார்கள். கை நிறையப் பணம். அதைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, வயட் தன் வண்டியின் பெட்ரோல் டேங்குக்குள் சொருகி மூடுகிறான். கையிலிருக்கும் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் போடுகிறான். அப்புறம் இரண்டு வண்டியும் கிளம்புகிறது, நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் மார்டி கிரா திருவிழாவுக்கு. வழியில் ஒரு பண்ணைக்காரர் வீட்டுச் சாப்பாடு, ஹிப்பிகள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு, ஒரு சிறை, அங்கே கிடைத்த வக்கீல் ஜார்ஜ் (ஜாக் நிக்கல்சன்), அவரை ராத்திரியில் ஊர்க்காரர்கள் அடித்தே கொல்வது, பிறகு திருவிழா, கல்லறைத் தோட்டம், தீ மூட்டி உட்கார்ந்த அந்த ராத்திரி, கடைசியாக அந்த ரோடு.

வண்டிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சித்தப்பா முதல் கால் மணி நேரம் வேறு எதையும் பார்க்கவில்லை. முன்ஃபோர்க்கை இழுத்து நீட்டி, பின்னால் ஷாக் அப்ஸர்பரே இல்லாத ஃபிரேமில் உட்கார வைத்த ஹார்லி. "இதுல உக்காந்து நூறு மைல் போனா இடுப்பு என்னத்துக்காகும்" என்றார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யாருல இதைச் செஞ்சது?" என்று கேட்டார். படத்தில் நடித்தவர் யார், எடுத்தவர் யார் என்று உலகமே கேட்கும், வண்டியைச் செய்தவன் யார் என்று ஒரு மெக்கானிக்தான் கேட்பான். அக்கா மகன் தேடிப் பார்த்துச் சொன்னான். போலீஸ் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்ட பழைய வண்டிகளை வாங்கி அப்படி மாற்றியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்று இரண்டு கறுப்பின மனிதர்கள், வாஸ் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய ஆளும்கூட, ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை, ரொம்ப வருஷம் வெளியுலகத்துக்கே தெரியாது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே நின்றுவிட்டது. சுதந்திரம் என்று உலகம் முழுக்கச் சுவரில் ஒட்டிவைத்த வண்டி அது, அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் கோடும் பூசிய அந்த டேங்க், அதைச் செய்த கைக்குப் பெயர் இல்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

'வி ப்ளூ இட்' வந்ததும் சித்தப்பா திரும்பி, "என்னல சொன்னான்?" என்றார். அக்கா மகன் கொஞ்சம் யோசித்து, "தொலைச்சுட்டோம்ங்கான் தாத்தா" என்றான். உடனே சேட்டன், "அல்ல, அல்ல. துலச்சு. அதாணு" என்றார்.

இந்த இரண்டு சொல்லும் எங்கள் ஊரில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், வீட்டுக்கு ஒருவராவது மலையாளம் பேசுவோம். தமிழில் தொலைச்சுட்டோம் என்றால் கையில் இருந்தது எங்கேயோ விழுந்துவிட்டது, தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மலையாளத்தில் துலச்சு என்றால் நாமே நம் கையால் பாழாக்கிவிட்டோம் என்று அர்த்தம், குடித்தே சொத்தை அழித்தவனைப் பற்றிச் சொல்லும் சொல். கேட்க ஒரே மாதிரி இருக்கும், நடுவில் மலையே இருக்கிறது. படத்தின் அர்த்தம் முழுக்க இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நிற்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றியது.

அக்கா மகன் சொல்வது இது: அவர்களிடம் சுதந்திரம் இருந்தது, ரோடு இருந்தது, கடிகாரம் வேண்டாம் என்று எறிந்த துணிச்சல் இருந்தது, அந்த நாடு அவர்களை விடவில்லை, அதனால் தொலைத்தார்கள். முடி நீளமாக இருக்கிறது என்பதற்காக லூயிசியானாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அத்தனை பேரும் அவர்களைக் கேட்கும்படியே கேவலமாகப் பேசுவார்கள், சாப்பாடு வராது, எழுந்து போய்விடுவார்கள். அந்தக் காட்சியில் நடித்தவர்கள் அந்த ஊர் ஆட்களேதான். அது முடியும்போது அக்கா மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுக்கும் தோள் வரை முடி, வழியில் எத்தனை கடையில் எத்தனை பேர் அப்படிப் பார்த்தார்கள் என்று அவன் எங்களிடம் சொன்னதே இல்லை.

சேட்டன் சொல்வது வேறு. அவர் இந்தப் படத்தை வாலிப வயதில் கொல்லத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டி காட்சியில் பார்த்தவர். 1965இல் திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகாவைத் தொடங்கியபிறகு ஊருக்கு ஊர் சொசைட்டி முளைத்த காலம், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு விடியும் வரை பேசிய தலைமுறை. அவருக்கு அந்த 'வி' வயட்டும் பில்லியும் மட்டும் அல்ல, அமெரிக்கா. படம் எடுத்தது 1968இல். அந்த வருஷம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள், ஜூனில் ராபர்ட் கென்னடியை, அந்தப் பக்கம் வியட்நாமில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். வயட், பில்லி என்று பெயர் வைத்ததே கௌபாய் காலத்து வயட் அர்ப், பில்லி த கிட் இரண்டு பேரையும் நினைத்து, ஒருவன் சட்டத்தின் ஆள், ஒருவன் சட்டத்துக்குத் தப்பியவன். அந்தப் பழைய கதையில் எல்லாரும் மேற்கே போவார்கள், இந்தப் படத்தில் கிழக்கே திரும்பி வருகிறார்கள், ஒரு நாடு தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து என்ன செய்துவைத்தோம் என்று பார்க்கிற மாதிரி. இதைச் சேட்டன் சொல்லும்போது கை நடுங்கியது. நல்ல வாதம், நான் மறுக்கவில்லை.

ஆனால் சித்தப்பா சொன்னதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது.

டேங்கில் பணத்தைச் சொருகும்போதே அவர் சொன்னார், "அந்த டேங்கே கைப்பிடி அளவு. குழாயையும் சொருகினா பெட்ரோலுக்கு எங்கல இடம்?" நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் பெட்ரோல் பங்க் காட்சி வந்தது. வழியில் ஏற்றிக்கொண்ட ஒரு ஆள், உதவி செய்கிறேன் என்று வயட்டின் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் போட ஆரம்பிக்கிறான். பில்லிக்கு உயிரே போய்விடுகிறது. நாம் கனவு கண்டதெல்லாம் அந்த டேங்குக்குள் இருக்கிறது, யாரோ ஒருத்தன் அதன் மேல் பெட்ரோலை ஊற்றுகிறான் என்று வயட்டிடம் புலம்புகிறான். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன் ஃப்ரீயா போறவன் இல்ல. சரக்கு ஏத்திட்டுப் போறவன்" என்றார்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் விளக்க வேண்டாம். எழுபதுகளின் ஆரம்பத்தில் இங்கேயிருந்து அரிசியைக் கேரளாவுக்குக் கொண்டுபோகத் தடை இருந்தபோது, ஆச்சி துணிப்பையில் அரிசியைத் தைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு, மீட்டர்கேஜ் ரயிலில் புனலூர் போவாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படிப் போனவர்கள்தான், யாரும் அதைக் களவு என்று நினைத்ததில்லை, வயிறு. சித்தப்பாவுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. ராத்திரியில் சைக்கிளில் மூட்டையை வைத்துக்கட்டிக் கோட்டைவாசல் ஏற்றத்தை மிதித்தும் தள்ளியும் ஏறி ஆரியங்காவு பக்கம் இறங்குவார். படம் முடிந்தபிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நூறு தடவைக்கு மேல அந்த ரோட்டுல போயிருக்கேன். ரோடு எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது. சரக்கு இருந்தா ரோட்டைப் பாக்க மாட்டோம், பின்னால யாரு வாரா, முன்னால யாரு நிக்கான்னுதான் பாப்போம். ஒரு நாள் செக்கிங்னு சத்தம் கேட்டுது, மூட்டையை அவுத்து உருட்டி விட்டுட்டேன். காலி சைக்கிள்ல இறங்கினேன் பாரு, அன்னைக்குத்தான் அங்க காடு இருக்குன்னே தெரிஞ்சுது."

இதைக் கேட்ட பிறகு படத்தை நான் மறுபடி முழுசாகப் பார்த்தேன், இந்தத் தடவை டேங்கை மட்டும். பணத்தைச் சொருகும்போது பின்னால் ஓடும் பாட்டு ஸ்டெப்பன்வுல்ஃபின் 'த புஷர்', போதைப்பொருள் விற்பவனைச் சபிக்கும் பாட்டு. ரோட்டில் காற்று அடிக்க ஆரம்பித்து எல்லாருக்கும் மனசில் நிற்கும் 'பார்ன் டு பி வைல்ட்' அதற்கு அப்புறம்தான் வருகிறது. இயக்குநர் டென்னிஸ் ஹாப்பர் முதலில் சாபத்தை வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார், நாம் சாபத்தை மறந்துவிட்டுக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். கடிகாரமும் அப்படித்தான். அதைத் தரையில் போட்டாகிவிட்டது, ஆனால் திருவிழாத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பில்லி வழி நெடுக நச்சரிக்கிறான், எங்கேயும் உட்கார விடுவதில்லை. பண்ணைக்காரர் வீட்டில், பிள்ளைகுட்டிகள் நிறைந்த அந்தச் சாப்பாட்டு மேஜையில், தன் நிலத்தில் தன் உழைப்பில் வாழ்வதைப் பார்த்து வயட் அந்த மனிதரை மனசாரப் பாராட்டுகிறான். அவன் தேடியது அங்கேயே இருந்தது, அது அவனுக்குத் தெரிந்தும் இருந்தது, சாப்பிட்டு எழுந்து வண்டியை எடுத்தான்.

அப்புறம் ஹிப்பிகள் விதைக்கிற காட்சி. காய்ந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்து விதையைத் தூவுகிறார்கள். இதெல்லாம் முளைக்காது என்று பில்லி நினைக்கிறான், இவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று வயட் சொல்கிறான். குண்டாறு அணை நிறைந்ததா என்று பார்த்துக் கார் நடவுக்கு இறங்கும் ஊரில் பிறந்த எங்களுக்கு அந்த மண்ணைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. சித்தப்பா, "இதுல தண்ணியே இல்லையே, பாவம் பிள்ளைங்க" என்றார். அந்தப் பிள்ளைகள் வட்டமாக நின்று, விதைத்தது விளைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள், கேமரா ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஒவ்வொரு முகமாகக் காட்டுகிறது. வெளியே நிற்கிற வண்டியின் டேங்கில் கட்டுக்கட்டாக டாலர். வயட் அந்த மூடியைத் திறக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை, இப்போது அந்தக் காட்சியில் எனக்கு வேறு எதுவுமே தெரிவதில்லை.

அந்தச் சுற்றை எடுத்தவர் லாஸ்லோ கோவாக்ஸ். 1956 ஹங்கேரிப் புரட்சியைத் தெருவில் நின்று படம் பிடித்து, அந்தப் பிலிமை ஒளித்து எடுத்துக்கொண்டு நண்பர் ஷிக்மாண்டோடு எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போன மனிதர். இதைச் சொன்னபோது சித்தப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். சரக்கோடு எல்லை தாண்டுவது என்றால் என்னவென்று தெரிந்த ஒருவன்தான் இதை எடுத்திருக்கிறான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சேட்டன் விடவில்லை. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: சுட்டவனுக்கு டேங்கில் பணம் இருப்பது தெரியுமா? தெரியாது. ஜார்ஜை அடித்துக் கொன்றவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. முடியைப் பார்த்தார்கள், கொன்றார்கள். ஜார்ஜ் சாவதற்கு முன் சொல்வாரே, அவர்கள் உங்களைப் பார்த்துப் பயப்படவில்லை, உங்களில் தெரிகிற சுதந்திரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று, அதற்கு என்ன சொல்கிறாய்? "பணம் இல்லாம போயிருந்தாலும் சாகத்தான் செஞ்சிருப்பாங்க, மோனே" என்றார்.

உண்மை. அதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கொலைக்குக் காரணம் அந்த ஊரின் வெறுப்பு மட்டும்தான், செத்தவர்கள் மேல் பழியைத் திருப்புகிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த வசனம் சுடுவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. துப்பாக்கி இன்னும் வரவில்லை, யாரும் துரத்தவில்லை. அந்த நேரத்தில் பில்லி சந்தோஷமாக இருக்கிறான். சாதித்துவிட்டோம், பணக்காரர் ஆகிவிட்டோம், இனி ஃப்ளோரிடாவில் ஓய்வுதான் என்கிறான். அதற்குத்தான் வயட் அந்த மூணு சொல்லைச் சொல்கிறான். பில்லிக்குப் புரியவில்லை, பெரிய பணத்தைச் சம்பாதித்துவிட்டால் அப்புறம் நீ ஃப்ரீ, அதற்குத்தானே இவ்வளவும் என்று கேட்கிறான். வயட் மறுபடியும் அதையே சொல்கிறான். கேள்வியும் பணம், பதிலும் பணத்துக்குத்தான். இதைவிட நேராக ஒரு படம் எப்படிச் சொல்லும்?

ஜார்ஜும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். சந்தையில் வாங்கி விற்கப்படுகிற ஒருவன் சுதந்திரமாக இருப்பது ரொம்பக் கஷ்டம் என்று. அவர் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொன்னதாக எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் டேங்கில் விற்ற பணத்தோடு வந்தவன். அன்றைக்கு அவனுக்கு உறைக்கவில்லை, ஜார்ஜ் செத்து, கல்லறைத் தோட்டத்தில் அழுது தீர்த்தபிறகு உறைத்திருக்கிறது.

அதனால் சொல் விஷயத்தில் நான் சேட்டன் பக்கம், துலச்சு என்பதுதான். எதைத் துலச்சார்கள் என்பதில் சித்தப்பா பக்கம். அக்கா மகனுக்கு இரண்டுமே ஏற்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து அவங்களைக் குத்தவாளி ஆக்குறீங்க மாமா" என்று கோபப்பட்டு இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்த படம் 6 கோடி டாலர் வசூல் செய்தது என்று நான் அனுப்பியதற்கு, அதனால் என்ன என்று ஒரே வரி பதில் வந்தது. அவன் கேட்டது நியாயமும்கூட. அவனுக்கு அந்த வண்டியும் ரோடும் வேண்டும், இருபத்தைந்து வயதில் அது வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து, தாத்தாவைப் புல்லட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டான். நான் என் வண்டியில் பின்னால் போனேன். புளியரை செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன, வைக்கோல் ஏற்றியது, காய்கறி ஏற்றியது. டிரைவர்கள் இறங்கிக் கையில் பேப்பரோடு நடந்துகொண்டிருந்தார்கள். எஸ் வளைவு தாண்டி, கோட்டைவாசலுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒரு திருப்பத்தில் சித்தப்பா அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"இங்கதான். இந்தச் சரிவுலதான் உருட்டி விட்டேன்."

கீழே ஈத்தைக் காடு அடர்த்தியாக ஏறியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. "அப்புறம் போய் எடுத்தீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"மறுநாள் விடியக்காலம் வந்தேன். பன்னி தின்னுட்டுப் போயிருந்துச்சு. சாக்கு மட்டும் கிடந்துச்சு, எடுத்துட்டுப் போனேன்."

அக்கா மகன் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தான். சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. ரொம்ப நேரம் யாரும் வண்டியில் ஏறவில்லை.